ஈ மொய்க்காத அறை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவை உடைத்தார்கள்.

கலகெதரைச் சந்தியிலிருந்து மேலே ஏறும் பாதையில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஹபீல் முதலாளியின் வீடு. வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மிளகும் கராம்பும் சேர்த்து வைத்த கல் அறை ஒன்று இருந்தது. அதற்குள்ளேதான் அவர் பயிருக்கு ஊற்றுகிற மீன் டொனிக் தயாரித்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. தட்டியும் கூப்பிட்டும் பதில் இல்லாமல் போகவே, அவர் தம்பி நஸீமும் வேலையாள் கணேஸும் தோளால் மோதி உடைத்தார்கள். கணேஸ்தான் முதலில் உள்ளே பாய்ந்தான். முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். போட்டவன் அப்படியே மண்டியிட்டு வாந்தி எடுத்தான். ஹபீல் முதலாளி அதற்குள் மூச்சு அடங்கி மவுத்தாகியிருந்தார்.

ஒன்பது மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் பிரேமிளா வந்தாள். கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். நிலையத்தில் தமிழ் பேசுகிற ஒரே அதிகாரி, ஒரே பெண் அதிகாரியும்கூட. பெண்ணை விசாரிக்க வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள், தமிழில் பேச வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள், மற்ற நேரங்களில் அவள் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. இந்த வீட்டுக்கு இரண்டுமே தேவைப்பட்டதால் நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. அவளை முன்னால் அனுப்பியிருந்தார்.

அவள் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு கல் அறைக்குள் போனாள்.

இடுப்பளவு உயரத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. அதன் பலகை மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குள் கறுப்பாக ஒரு குழம்பு. அழுகிய மீன் கழிவும் சீனிப்பாகும் சேர்ந்து ஊறியது. அதில் கலக்குகிற கம்பு மிதந்தது. ஒரே ஒரு சன்னல். அதையும் பழைய உரச் சாக்குகளால் அடைத்து, மேலே பொலித்தீன் ஆணி அடித்திருந்தது. சன்னல் திண்டில் பிளேன் டீக் கோப்பை, பாதி குடித்தபடி. தரையில் மட்டும் ஏதோ சிந்தியிருந்தது. குனிந்து பார்த்தாள். கருஞ்சீரகம் சிந்தியதுபோல் கிடந்தவை எல்லாம் செத்த ஈக்கள். மீன் அழுகும் இடத்தில் உயிரோடு ஓர் ஈகூட இல்லை. கதவைத் திறந்து ஒரு மணி நேரமாகியும் வெளியிலிருந்த ஈக்கள் வாசலைத் தாண்டி வரவில்லை.

இது என்ன கூத்து என்று யோசித்தாள். யோசித்ததைச் சொல்ல ஆளில்லை. ஓ.ஐ.சி. வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நஸீமை வேலியோரம் கூட்டிப்போனாள். கலகெதரையில் புடவைக் கடை வைத்திருக்கிற, நாற்பது வயது மதிக்கத்தக்க, எப்போதும் எதையோ பார்த்துத் திரும்புகிற கண்கள் உள்ள மனிதர். அண்ணனை நானா என்றுதான் சொல்வார்.

"கடைசியா அவரப் பாத்தது யாருங்க?"

"கணேஸ் மிஸ். விடிய சுபஹ் தொழுதுட்டு நானா இங்க வந்தாரு. இவன் பிளேன் டீ குடுத்தான். நானா உள்ளுக்குப் பூட்டிக்கொண்டாரு."

"ஏன் பூட்டணும்?"

"கலக்குற நேரம் வாடை ஊருக்கே போகும். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி சுகாதாரக் கந்தோர் பி.எச்.ஐ. ரெண்டு தரம் வந்து ஏசிட்டுப் போனாரு. அதுக்குத்தான் சன்னலையும் போன வாரம் அடைச்ச."

"உள்ளுக்கிருந்து ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. ஒண்டும் செல்லல்ல." பதில் கேள்வி முடியும் முன்பே வந்தது. பிறகு நஸீம் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், பி.சி.ஆர். எடுப்பாங்களா?"

"எல்லா மவுத்துக்கும் எடுக்கிறாங்க. உங்களுக்கே தெரியும்."

நஸீம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். கொரோனா என்று வந்துவிட்டால் ஜனாஸாவை ஊர் மையவாடியில் அடக்க விடமாட்டார்கள். அரசாங்கம் ஒதுக்கிய இடத்தில் புதைக்க, கிழக்கே ஓட்டமாவடிக்குத்தான் லொறி ஏறும். அதற்கும் முன்னால், மார்க்கத்துக்கு ஆகாது என்றும் கேளாமல், எரித்துவிட்டார்கள். அந்த ஊரில் மரணத்தைவிட அந்த பி.சி.ஆர். தாளுக்குத்தான் மக்கள் அதிகம் பயந்தார்கள். பிரேமிளாவுக்கு அந்தப் பயம் புரிந்தது. ஆனால் அண்ணன் செத்த சோகத்துக்கும் முன்னால் அது வந்து நின்றதை அவள் மனதில் போட்டு வைத்தாள்.

ஹபீல் முதலாளியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. இருபது வருஷம் உரக்கடை வைத்திருந்தவர். மே மாதம் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் கடை காலியானது. மற்ற வியாபாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இவர் மட்டும் நல்லது என்றார். இரசாயனம் மண்ணை மலடாக்கிவிட்டது, தண்ணீரைக் கெடுத்துவிட்டது, வடமத்தியில் விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறதே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். பிறகு மீன் டொனிக்கைக் கொண்டுவந்தார். முதல் இரண்டு மாதம் அது ஒன்றுக்கும் உதவவில்லை. போஞ்சி இலை மஞ்சளாகி உதிர்ந்தது. ஒரு மரக்கறிக்காரர் வாங்கின கேனைக் கடை வாசலிலேயே கவிழ்த்து, இதை நீயே குடி என்று சொல்லிவிட்டுப் போனார். ஹபீல் முதலாளி மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஓகஸ்டிலிருந்து கதை மாறியது. டொனிக் வேலை செய்யத் தொடங்கியது. ஒரே வாரத்தில் இலை பச்சை பிடித்தது. ஏசிப்போனவர்களே கேனோடு திரும்பி வந்தார்கள். மண்ணுக்குப் பழக ரெண்டு மாசம் எடுக்கும் என்று ஹபீல் முதலாளி எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். அவர் அப்படி நம்பித்தான் சொன்னார்.

வேலியோரத்தில் கல் அறையின் கழிவுநீர் வழிகிற இடத்தில் ஒரு வரிசை போஞ்சி நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் வெளிறிப்போய் நின்ற கொடிகளுக்கு முன்னால் இது கரும்பச்சையாக இருந்தது. பிரேமிளா அதையும் பார்த்து வைத்தாள்.

செவ்வாய் மத்தியானத்துக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. பி.சி.ஆர். நெகடிவ் என்று வந்தது. பிரேத பரிசோதனை முடிந்தது. காயமில்லை, நுரையீரலில் நீர், உடற்பாகங்களும் தேநீரும் இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போகின்றன, அறிக்கை வர மாதக்கணக்காகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது, மையித்தின் விரலில் இருந்த மோதிரத்தை ஓர் உறையில் போட்டு நஸீமிடம் தந்தார்கள்.

நஸீம் அதை எடுத்துக்கொண்டு நேரே ஓ.ஐ.சி.யிடம் வந்தார்.

அது வெள்ளி மோதிரம். மார்க்கத்தில் ஆணுக்குத் தங்கம் ஆகாது என்பதால் கலியாணத்தன்று போட்ட வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை பளபளவென்று இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது அது அடுப்புக்கரிபோல் கறுத்துக் கிடந்தது.

"வெள்ளி கறுத்தா விஷம் சேர்," என்றார் நஸீம். "பெரியவங்க சும்மாவா செல்லி வச்சாங்க?"

ஓ.ஐ.சி.யின் பாட்டியும் அதையே சொல்லியிருந்தாராம். பிறகென்ன, எல்லாம் மளமளவென்று பொருந்தின. டீ கொடுத்தது கணேஸ். போன வாரம் முதலாளி அவனை ஊர் கேட்க ஏசியதற்குச் சாட்சி இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உனக்கு என்னடா வேலை என்று கத்தினாராம். இழுத்துப் போட்ட கையோடு வாந்தி எடுத்ததும் கண் சிவந்து போனதும் குற்ற உணர்ச்சியால்தான் என்று முடிவு கட்டினார்கள். கேட்டால் வாயைத் திறக்கிறானில்லை. பிற்பகலில் கைது செய்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும்.

"சேர், பகுப்பாய்வு அறிக்கை வராமல் எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டாள் பிரேமிளா.

"வரும்வரை ரிமாண்டில் இருக்கட்டும்."

"மாதக்கணக்காகுமே."

"அப்போ மாதக்கணக்காக இருக்கட்டும்." ஓ.ஐ.சி. கெட்டவர் அல்ல. அவருக்கு மேலிருந்து இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்திருந்தன. பிரேமிளாவுக்கு எங்கிருந்தும் அழைப்பு வராது. கணேஸுக்காக யாரும் பேசப் போவதும் இல்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் அவன் மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்லக்கூட யாரும் போகவில்லை.

பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். ஊர் ஆண்கள் எல்லாம் மையவாடிக்குப் போயிருந்த நேரத்தில் பிரேமிளா தனியாகக் கல் அறைக்குத் திரும்பினாள். சன்னலை அடைத்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். எல்லாம் கழுவிக் காய வைத்தவை. உள்ளே இருந்த கடைசிச் சாக்கு மட்டும் கழுவாதது. அதன் தையலைப் பிரித்ததும் சீனிபோல் வெள்ளை மணிகள் உள்ளங்கையில் கொட்டின. தாளில் மடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள்.

கூண்டுக்குள் கணேஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இன்னமும் சிவந்திருந்தது.

"கணேஸ் அண்ணே, மொதலாளி எதுக்கு ஏசினாரு?"

"சும்மாதாங்க மேடம்."

"டாங்க்கிட்ட என்ன செஞ்சீங்க?"

"சும்மா நின்னேங்க."

"நாளைக்குக் கொண்டுபோனா எப்ப வெளிய வருவீங்கன்னு எனக்கே தெரியாது. புள்ளைய நெனச்சுப் பாருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிரேமிளா மேசைக்குப் போனாள். அவனிடமிருந்து எடுத்து வைத்த சாமான்களில் ஒரு வெற்றிலைப் பை இருந்தது. அதிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள். தாளை விரித்து, வெள்ளை மணிகளில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டு விரலால் தேய்த்தாள். ஒரு நொடியில் கண்ணைக் கரிக்கும் நெடி எழும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொன்ஸ்தாபிள் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

"யூரியான்னா இப்படி ஒடனே நெடி வராது," என்றாள். "அமோனியம் சல்பேட் உரம். தேயிலைத் தோட்டத்துல வளந்தவருக்கு இந்த நெடி தெரியாதா? இது எப்படி மீன் டொனிக் அறைக்கு வந்துச்சு?"

கணேஸ் எழுந்து கம்பியைப் பிடித்தான். "மேடம், அந்தம்மாவ இதுல இழுக்காதீங்க."

பிரேமிளா இதுவரை எந்த அம்மாவையும் பற்றிப் பேசவில்லை. அவனுக்கும் அது தாமதமாகத்தான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தியம் பண்ணியிருக்கேங்க. எம் புள்ள மேல." கம்பியை விட்டுவிட்டு மறுபடி சுவரில் போய்ச் சாய்ந்தான்.

ஐந்தரை மணிக்கு அவள் மறுபடி அந்த வீட்டு வாசலில் நின்றாள். ஹபீலின் மனைவி உம்மு குல்சும் இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்க்காமல் அறைக்குள்ளேயே இருக்கிற இருப்பு. ஓ.ஐ.சி.யோ வேறு எந்தப் பொலிஸ்காரரோ அந்தத் திரைச்சீலையைத் தாண்ட முடியாது. பிரேமிளா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கூட இருந்த பெண்கள் எழுந்து வெளியே போனார்கள்.

வெள்ளை உடுத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் உம்மு குல்சும். ஐம்பதை நெருங்கும் வயது. அழுது முடித்த முகம்.

"அக்கா, பி.சி.ஆர். நெகடிவ். ஜனாஸா அடக்கியாச்சு. இனி யாரும் அவர எங்கயும் கொண்டுபோக மாட்டாங்க. அதனால கேக்கிறேன். உள்ளுக்கிருந்து அவர் கடைசியா என்ன சொன்னாரு?"

உம்மு குல்சும் வாசலைப் பார்த்தார். "நஸீம் செல்ல வாணான்டு சென்னாரு."

"தெரியும் அக்கா. இப்ப பயமில்ல."

"நான் கதவுக்கு வெளிய நிண்ட. நாஷ்டா தின்ன வரச் செல்லிக் கூப்பிட்ட. அவரு உள்ளுக்கிருந்து, 'குல்சும், வாடை போயிடிச்சி! ஒரு வாடையும் இல்ல. சரக்குப் பதமாகிடிச்சி'ன்டு சென்னாரு. அவ்வளவு சந்தோசமா. எத்தனையோ மாசம் அந்தக் கொரல்ல சந்தோசத்த நான் கேக்கல்ல மிஸ். பிறகு கூப்பிட்டா பதிலே இல்ல."

'வாடை போயிடிச்சி' என்பதைப் பிரேமிளா மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கதிரையை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாடை தெரியல்லன்டு சென்னா கொரோனான்டு செல்லிடுவாங்க, ஓட்டமாவடிக்குக் கொண்டுபோயிடுவாங்கன்டு நஸீம் பயந்துட்டாரு. அதுதான் ஒருத்தருக்கும் செல்லல்ல."

"சல்பேட் போட்டது நீங்களா அக்கா?"

உம்மு குல்சும் முக்காட்டைச் சரி செய்துகொண்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். அழவில்லை. "அந்த மனுசன் கேனக் கடை வாசல்ல ஊத்தின நாள், இவரு வந்து சோறு தின்னல்ல. மூணு நாள். 'நான் சனத்த ஏமாத்திட்டேனா குல்சும்'ன்டு கேட்டாரு. தடைக்கு முன்னுக்கு வந்த சல்பேட் ஸ்டோர்ல ஈந்திச்சி. நான் கணேஸக் கூப்பிட்டு, அவரு பள்ளிக்குப் போற நேரத்துல டாங்க்குல கொஞ்சம் கொட்டச் சென்ன. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. அவன் சென்னான், அம்மா இது மண்ணப் புளிக்க வைக்கும், ஆனா எல பச்சையாகும்ன்டு. மண்ணு கெட்டாப் பரவாயில்ல, மனுசன் நல்லா ஈந்தா போதும்ன்டு நான் சென்ன. ஒரு நாள் அவன் இவரு கையில ஆம்புட்டுட்டான். அப்பயும் வாயத் தொறக்கல்ல. அவன விட்டுடுங்க மிஸ். அவன் வெசம் வெக்கிற ஆள் இல்ல."

"அது எனக்குத் தெரியும் அக்கா."

"அப்ப யாரு வெச்ச?"

பிரேமிளாவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. நாளைக்கு வாறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்ட அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஓ.ஐ.சி.யின் மேசைமேல் கறுத்த மோதிரத்தையும் வெள்ளை மணிகள் மடித்த தாளையும் வைத்தாள். நஸீமையும் வரச் சொல்லியிருந்தாள். ஓ.ஐ.சி. கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேர், வெள்ளி கறுத்ததற்குக் காரணம் விஷம்தான். அதில் நஸீம் சொன்னது சரி. ஆனால் அது டீயில் இல்லை, காற்றில் இருந்தது."

"என்ன காற்று?"

"அழுகின முட்டை நாற்றம் இருக்கே, அந்த கேஸ். ஏ.எல். விஞ்ஞானம் படிக்கும்போது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். மீன் அழுகினாலே கொஞ்சம் வரும். அழுகுகிற குழம்புக்குள் சல்பேட்டைக் கொட்டி, மூடி, வாரக்கணக்காக ஊற விட்டால், குழம்பில் இருக்கிற கிருமிகள் அந்தச் சல்பேட்டையே கேஸாக மாற்றும். அது குழம்புக்குள் அடங்கியே கிடக்கும். கம்பை விட்டுக் கலக்கினால் ஒரேயடியாக எழும்பும். அன்று சன்னலும் அடைப்பு, கதவும் பூட்டு."

"யூகம்."

"ஈக்கள் செத்துக் கிடந்தன சேர். ஈக்கள் டீ குடிக்கவில்லை. கணேஸ் உள்ளே போய் வந்ததும் வாந்தி எடுத்தான், கண் சிவந்தது. அவனும் டீ குடிக்கவில்லை, அந்தக் காற்றைக் குடித்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவனும் போயிருப்பான். பிரேத பரிசோதனை செய்த டொக்டரிடம் காலையில் பேசினேன். மூளையில் இலேசான பச்சை நிறம், இந்த கேஸுக்குப் பொருந்தும் என்கிறார்."

ஓ.ஐ.சி. மோதிரத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். "அவ்வளவு நாறுகிற கேஸ் என்றால் அந்த மனிதன் ஓடி வந்திருப்பானே. மூக்கு இல்லையா?"

"அங்கேதான் நாம் எல்லோரும் கோட்டை விட்டோம்." அவள் நஸீமின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அந்த கேஸ் கொஞ்சமா இருந்தா நாறும். கூடிப்போனா மொதல்ல மூக்கக் கொன்னுடும். வாடையே தெரியாது. நாறுற வரைக்கும் ஓடலாம், நாத்தம் நின்னா ஓட நேரமில்லன்னு அன்னைக்கு ஆய்வுகூடத்துல சொன்னாங்க. 'வாடை போயிடிச்சி'ன்னு உங்க நானா சொன்னாரே, அந்த வார்த்தைய மொத நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒருத்தன் ஒரு ராத்திரி கூண்டுக்குள்ள கெடந்திருக்க மாட்டான்."

நஸீம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எங்கட நெலம உங்களுக்குத் தெரியா மிஸ்," என்றார். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

"சல்பேட்டைக் கொட்டியது யார்?" என்றார் ஓ.ஐ.சி.

"கொட்டச் சொன்னது மனைவி. கொட்டியது கணேஸ். புருஷன் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று செய்தார். இப்படி ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இன்றுவரைக்கும் தெரியாது."

ஓ.ஐ.சி. மோதிரத்தை உறைக்குள் போட்டார். பிறகு பேனையை எடுத்தார். "இதில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது? விபத்து என்று எழுது. மீன் கழிவிலிருந்து வந்த கேஸ். சல்பேட் வேண்டாம். இத்தாவில் இருக்கிற பெண்ணை நான் எங்கே இழுக்க?"

அது இரக்கம்தான். பிரேமிளாவும் அதைத்தான் விரும்பினாள். கணேஸைத் திறந்து விட்டார்கள்.

வாசலில் வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டு அவன் கேட்டான். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"இல்ல. ரிப்போட்லயும் வராது."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டடி நடந்தவன் நின்றான். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், மேல் பக்கத்துல நாலஞ்சு வீட்டுல டொனிக் போடுறாங்க. மொதலாளியோடது மட்டும் எப்படி வேல செய்யுதுன்னு கேட்டுக் கேட்டு உயிர எடுத்தாங்க. நான்தான் ரகசியமாச் சொல்லிக் குடுத்தேன். சல்பேட் போடுங்கன்னு. எல்லாரும் ஒளிச்சு வச்சிருந்ததப் போட்டு மூடி வச்சிருக்காங்க. நாத்தத்துக்குப் பயந்து அறைக்குள்ளதான் வச்சிருக்காங்க."

பிரேமிளா அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீன் கேஸ் என்று மட்டும் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள். மீன் எல்லா வீட்டிலும்தான் அழுகுகிறது. சல்பேட் என்ற சொல்லைச் சொன்னால்தான் அவரவர் நெஞ்சு திடுக்கிடும். அதை ஊர் கேட்கச் சொன்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் கேட்கும். ஒரு பெண்ணுக்காக நாலைந்து வீட்டை விட்டுவிட முடியாது. அந்த நாலைந்து வீட்டுக்காக அந்தப் பெண்ணிடம் போய் எந்த வாயால் சொல்வது என்றும் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனாள். சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

உம்மு குல்சும் அசையாமல் கேட்டார்.

"அப்ப அவரு சந்தோசமா சென்ன நேரம்," என்று மெல்லக் கேட்டார், "அவரு மவுத்தாகிக்கொண்டு ஈந்த?"

"ஆமா அக்கா."

"நான் வெளிய நிண்டு சிரிச்ச மிஸ். வாடை போயிடிச்சின்டு சென்னதும், அல்ஹம்துலில்லாஹ்ன்டு செல்லி நானும் சிரிச்ச."

பிரேமிளா கதிரையிலிருந்து எழுந்தாள். பொலிஸ் உடுப்போடு கீழே பாயில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மேல் வீடுகளின் விஷயத்தைச் சொன்னபோது உம்மு குல்சும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பள்ளி மைக்குல செல்லச் செல்லுங்க," என்றார் கடைசியில். "என்னத்தப் போட்டன்டும் செல்லச் செல்லுங்க. நஸீமையே செல்லச் செல்லுங்க. அவங்கட வீட்டுலயும் பொம்பளைங்கதான் போட்டீப்பாங்க."

பிரேமிளா போனில் நஸீமிடம் சொன்னாள். மத்தியானம் லுஹர் பாங்குக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. நஸீமின் குரல் மிளகுத் தோட்டங்களின் மேலாக வந்தது. மர்ஹூம் ஹபீல் அவர்கள் எப்படி மவுத்தானார் என்று சொன்னார். சல்பேட் என்ற சொல்லில் ஒரு தரம் தடுக்கி, மறுபடி சொன்னார். டொனிக் தொட்டியை யாரும் குனிந்து பார்க்க வேண்டாம், கலக்க வேண்டாம், கதவு சன்னல்களை எட்ட நின்று திறந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூரப் போங்கள் என்றார். யார் போட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது மூவருக்கும் தெரியும். உரத் தடை அடுத்த மாதமே நீங்கிவிடப் போகிறது என்பதுதான் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கட்டில் ஓரத்தில் உம்மு குல்சும் அந்தக் குரல் முடியும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு வீடு அமைதியானது. பிரேமிளா எழுந்து போகவில்லை. போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, ஓ.ஐ.சி. இரண்டு தரம் போனில் கூப்பிட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கத்திலிருந்து காற்று இறங்கியது. சன்னல் வழியாக முதலில் ஒரு நெடி வந்தது, பிறகு அது கனத்து, அழுகிய முட்டையும் அழுகிய மீனுமாக அறை முழுக்கப் பரவியது. மேல் வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதவுகள் திறபடுகின்றன என்று பிரேமிளாவுக்குப் புரிந்தது. எத்தனை வீடு என்று எண்ண முடியாத அளவுக்கு நாறியது. அன்று யாரும் பி.எச்.ஐ.க்குப் போன் எடுக்கவில்லை.

"சன்னலச் சாத்தட்டா அக்கா?"

உம்மு குல்சும் முக்காட்டை மூக்கிலிருந்து விலக்கி, அந்தக் காற்றை இழுத்துப் பார்த்தார்.

"வாணாம் மிஸ்," என்றார். "வாடை வருது. வரட்டும்."

அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார்.